ஏரிக்கு பக்கத்துல லேஅவுட் வருதா? ஜேசிபி இறங்கறதுக்கு முன்னாடி இத படிங்க

ஏரிக்கு பக்கத்துல வீடுங்க வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் நம்மாளுங்க பண்ற முதல் வேலை கரையில போய் நின்னு ஏரிய பாத்து பெருமூச்சு விடறது, ரெண்டாவது வாட்ஸப் குரூப், மூணாவது ஒரு ஞாயித்துக்கிழமை கையுறைய மாட்டிக்கிட்டு பிளாஸ்டிக் கவர் பொறுக்கறது. கிண்டல் பண்ணல, நானும் பொறுக்கினவன்தான். ஆனா குடியிருப்பு வந்து ஏரி கெட்டுப்போற கதைய கிட்ட போய் பாத்தா பிளாஸ்டிக் அதுல துணை வில்லன்தான், மெயின் வில்லன் ரெண்டு பேரு, ஒருத்தன் மண்ணு, இன்னொருத்தன் பாஸ்பரஸ், அதாவது பாசிய வளர்த்து விடற சத்து. ரெண்டுமே கரையில பொறக்கறது இல்ல, மேட்டுல பொறந்து தண்ணியோட சேந்து இறங்கி வருது. அதனால ஏரிய காப்பாத்தணும்னா ஏரிக்கு முதுக காட்டி நின்னு மேட்ட பாக்கணும், அதுவும் மேட்டுல ஒரு பிடி மண்ண நோண்டறதுக்கு முன்னாடியே பாக்கணும்.

மழையில ஒரு நடை, வெயில்ல ஒரு நடை

நல்லா மழை அடிக்கற ஒரு நாள் குடைய எடுத்துக்கிட்டு கெளம்புங்க, இடி மின்னல் இருந்தா அது அடங்கட்டும். ஏரியில தண்ணி வந்து விழற ஒவ்வொரு இடத்துலேர்ந்தும் தண்ணி வர்ற திசைக்கு எதிரா மேல நடக்கணும். வாய்க்கால், ரோட்டோர ஓடை, சிறுபாலத்துக்கு அடியில போற குழாய், யாரோ வீட்டு காம்பவுண்ட் சுவத்துல இருக்கற ஓட்டை, ஒண்ணு விடாம மேப்புல குறிங்க, லொகேஷனோட போட்டோவும் எடுங்க. இதுல கண்டுபிடிக்க வேண்டியது ரெண்டு. கட்டப்போற இடத்துல விழற தண்ணி எந்த வழியா ஏரிக்கு வருது, இது எல்லாருக்கும் தோணும். அந்த இடத்த தாண்டி மேலேர்ந்து ஏரிக்கு வந்துக்கிட்டு இருக்கற தண்ணி எது, இத நிறைய பேரு விட்டுடறாங்க. வாய்க்கால் மேல மண்ண கொட்டி மேடாக்கிட்டா அழுக்கு வர்ற பிரச்சனையே இல்ல, ஏன்னா தண்ணியே வராது, அப்புறம் ஏரி ரெண்டு மூணு வருஷத்துல முள்ளுக்காடு ஆயிடும், முள்ளுக்காட்ட பாத்தா "இது ஏரியே இல்லயே"ன்னு அடுத்த பிளான் ரெடியாயிடும். "வாய்க்காலுக்கு பதிலா குழாய் போட்டிருக்கோமே"ன்னு சொல்லுவாங்க. டேப் எடுத்துட்டு போய் குழாயோட விட்டத்தையும் பழைய வாய்க்காலோட அகலம் ஆழத்தையும் அளந்து பாருங்க, பாதி கதை அங்கயே தெரிஞ்சிடும்.

அப்புறம் மூணு நாள் மழையே இல்லாம நல்லா காஞ்சதும் அதே வழியில மறுபடி நடங்க. மழைத்தண்ணி குழாயில மழை இல்லாதப்ப என்ன ஓடணும்? ஒண்ணும் ஓடக்கூடாது. ஓடுதுன்னா ஊத்துத்தண்ணியா இருக்கலாம், குடிதண்ணி பைப் லீக்கா இருக்கலாம், ஆனா சாம்பல் கலர்ல சோப்பு நுரையோட வந்து குழாய் வாயில வழுவழுன்னு வெள்ளையா ஒரு படலம் படிஞ்சிருந்தா யாரோ கழிவுநீர கொண்டாந்து இதுல கோத்து விட்டிருக்காங்க. சந்தேகமா இருந்தா காலையில எல்லாரும் குளிக்கற நேரத்துல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, நடுராத்திரி ஒரு தடவ பாருங்க. ஊத்துத்தண்ணி மணி பாத்து ஓடாது.

வீட்டுல உக்காந்தே பண்ற வேலை ஒண்ணு இருக்கு, கூகுள் எர்த்துல பழைய வருஷத்து படங்கள பின்னாடி தள்ளி பாக்கறது. லேண்ட்சாட் சாட்டிலைட் 1972லேர்ந்து பூமிய படம் எடுத்துக்கிட்டு இருக்கு, 2008லேர்ந்து அந்த படமெல்லாம் யாரு வேணாலும் இலவசமா எடுத்துக்கலாம். சின்ன வாய்க்கால் எல்லாம் அதுல தெரியாது, ஆனா தண்ணி நின்ன பரப்பு எது, ஓரத்துல சதுப்பா இருந்து இப்ப "காலி மனை"ன்னு சொல்ற இடம் எதுங்கறது பளிச்சுன்னு தெரியும்.

நோட்டு ஒண்ணு போடுங்க, தேதியோட

"முன்னாடி ஏரி நல்லா இருந்துச்சுங்கறதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?" இந்த கேள்வி கண்டிப்பா வரும். பச்சையா மாறினப்புறம் எடுத்த நூறு போட்டோவுக்கு இதுல மதிப்பே இல்ல, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த பத்து அளவுக்குத்தான் மதிப்பு. முடிஞ்சா ஒரு வருஷம் முழுக்க, மழைக்காலமும் வறண்ட காலமும் வர்ற மாதிரி அளந்து வைங்க.

பெரிய லேப் எல்லாம் வேணாம். 1865ல இத்தாலியில ஆஞ்சலோ செக்கின்னு ஒரு பாதிரியார், தொழில் என்னவோ வானம் பாக்கறது, அவர் கப்பல்லேர்ந்து ஒரு வெள்ளை வட்டத்த கடல்ல இறக்கி எவ்வளவு ஆழம் வரைக்கும் கண்ணுக்கு தெரியுதுன்னு பாத்தாரு, இன்னிக்கும் உலகம் பூரா ஏரிங்கள்ல அதத்தான் பண்றாங்க. 20 சென்டிமீட்டர் விட்டத்துல ஒரு தகரமோ கனமான பிளாஸ்டிக்கோ வெட்டி, நாலா பிரிச்சு எதிரெதிர் கால்வாசிய கறுப்பும் வெள்ளையுமா பெயின்ட் அடிச்சு, அடியில வெயிட் கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குறி போட்ட கயித்துல தொங்க விடுங்க. கயிறு இழுத்தா நீளாத கயிறா இருக்கணும், நைலான் வாங்கி நான் ஒரு சீசன் அளவே வேஸ்ட் பண்ணேன். வெயில் நல்லா இருக்கற நடுப்பகல்ல படகோட நிழல் பக்கம் இறக்கி, வட்டு மறையற ஆழத்த குறிச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கி, மேல தூக்கறப்ப மறுபடி கண்ணுல படற ஆழத்தையும் குறிச்சு ரெண்டோட சராசரிய எழுதுங்க. கூலிங் கிளாஸ கழட்டிடுங்க. அதே இடம், அதே நேரம், முடிஞ்சா அதே ஆளு. படகு இல்லாம கரையிலேர்ந்து எக்கி பாக்கற வேலை மட்டும் வேணாம், ஆழமும் சரியா வராது, ஆளும் விழுந்துடுவாங்க.

வட்ட விட எனக்கு அதிகமா உதவினது கண்ணாடி பாட்டில். மழை பெய்யறப்ப கட்டற இடத்துக்கு மேல இருக்கற வாய்க்கால்ல ஒரு பாட்டில், அந்த இடத்த தாண்டினதுக்கு அப்புறம் ஒரு பாட்டில், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கணும். நான் போய் வந்த ஒரு ஏரியில சைட் இஞ்சினியர்கிட்ட முதல்ல கீழ் பாட்டில மட்டும் காட்டினேன், "சார், மழைன்னா தண்ணி கலங்கித்தான் வரும், இது என்ன புதுசா"ன்னு சொல்லிட்டு செல்போன பாக்க ஆரம்பிச்சிட்டாரு. மேல் பாட்டில எடுத்து அது பக்கத்துல வெச்சேன். அதே மழை, அதே வாய்க்கால், அது வழியா பின்னாடி ஒட்டியிருந்த காலண்டரோட தேதிய படிக்கலாம். கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "எங்க எடுத்தீங்க, காட்டுங்க"ன்னு எந்திரிச்சு வந்தாரு.

அந்த கீழ் பாட்டில ஆட்டாம அப்படியே வெச்சிருங்க. மணல் ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில உக்காந்துடும். வண்டலுக்கு சில மணி நேரம் ஆகும். களிமண் இருக்கு பாருங்க, அது மறுநாளும் செவசெவன்னு மிதந்துக்கிட்டே இருக்கும், சில மண்ணு ஒரு வாரம் கூட அடங்காது. இத ஞாபகம் வெச்சுக்கங்க, அடுத்து சொல்லப்போறதுக்கு இதான் காரணம்.

மண்ணு கெளம்பினா நிறுத்த முடியாது

அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்ற கணக்கு இது: கட்டுமான இடத்துலேர்ந்து அடிச்சிட்டு போற மண்ணு விவசாய நிலத்த விட 10லேர்ந்து 20 மடங்கு, காட்ட விட 1000லேர்ந்து 2000 மடங்கு இருக்கும். ஏரிக்கு பத்து வருஷத்துல வரவேண்டிய மண்ணு ஒரே மழைக்காலத்துல வந்து எறங்கிடும், மீன் முட்டை போடற ஓரம் மூடிப்போகும், உள்ள வெளிச்சம் போகாம தண்ணிச்செடி சாகும், அந்த மண்ணோட ஒட்டிக்கிட்டு பாஸ்பரஸும் வந்துடும்.

கம்பெனிக்காரங்க "செட்டில்மென்ட் குட்டை வெட்டறோம், மண்ணு அதுல தங்கிடும்"னு சொல்லுவாங்க. மணல் தங்கும். களிமண் தங்காது, உங்க பாட்டிலே சாட்சி. அதனால குட்டைய கேக்கறதுக்கு முன்னாடி மண்ண கெளப்பாம இருக்கறத கேளுங்க. மொத்த இடத்தையும் ஒரே மூச்சுல வழிச்சு எடுக்காம பகுதி பகுதியா எடுக்கணும், ஒரு பகுதி மூடினப்புறம்தான் அடுத்தது. மழைக்காலத்துல பெரிய மண் வேலையே வேணாம். ரெண்டு வாரத்துக்கு மேல சும்மா கெடக்கப்போற மண்ணுக்கு மேல வைக்கோலோ தழையோ தென்னை நார் பாயோ ஏதாவது மூடி, வேகமா முளைக்கற புல்ல தூவி விடணும். மண் குவியல வாய்க்கால்லேர்ந்து தள்ளி கொட்டி தார்ப்பாய் போடணும். நான் பாத்த வரைக்கும் செலவு கம்மி பலன் ஜாஸ்தின்னா அது இந்த வைக்கோல்தான், ஆனா பாக்க டெக்னிக்கலா இல்லாததால யாரும் பிளான்ல எழுத மாட்டேங்கறாங்க.

கறுப்பு துணி வேலி, சில்ட் ஃபென்ஸ்னு சொல்றது, அத எல்லாரும் போடுவாங்க, பத்துல எட்டு தப்பாத்தான் இருக்கும். துணியோட அடிப்பக்கம் குறைஞ்சது 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கணும், சும்மா தொங்கினா தண்ணி அடியில நுழைஞ்சு போயிடும். குச்சி பள்ளத்து பக்கம், துணி மேட்டு பக்கம். வேலி சரிவுக்கு குறுக்கால ஒரே மட்டத்துல ஓடணும், ரெண்டு முனையும் மேட்ட பாத்து வளைஞ்சிருக்கணும். ஓடற வாய்க்கால் நடுவுல குறுக்க கட்டவே கூடாது, முதல் மழையிலயே பிச்சிக்கிட்டு போகும். பாதி உயரத்துக்கு மண்ணு சேந்துட்டா அள்ளணும். போய் கையால துணிய இழுத்து பாருங்க, கையோட வந்துட்டா போட்டோ எடுங்க.

லாரி வெளிய வர்ற வாசல்ல பெரிய ஜல்லி கொட்டியிருக்கா பாருங்க, இல்லன்னா டயர்ல ஒட்டின சேறு ரோட்டுக்கு வந்து ரோட்டோர ஓடை வழியா நேரா ஏரிதான். கான்கிரீட் வண்டிய கழுவற தண்ணிக்கு தார்ப்பாய் விரிச்ச தனி குழி வேணும், அந்த தண்ணியில காரத்தன்மை ஜாஸ்தி, பிஎச் 12 பக்கம் போகும், சின்ன ஓடையில விட்டா மீன் மிதக்கும். பெயின்ட் பிரஷ் கழுவறதும் அப்படித்தான்.

வீடு வந்தப்புறம் கூரை பேசும்

1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர், இந்த ஒரு கணக்க மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு மீட்டிங்குக்கு போங்க. 100 வீடு, ஒண்ணொண்ணும் 100 சதுர மீட்டர் கூரை, 50 மில்லிமீட்டர் மழை, மொத்தம் 5 லட்சம் லிட்டர். ரோடு, பார்க்கிங் எல்லாம் இதுல சேக்கல. முன்னாடி செடியும் மண்ணுமா இருந்தப்ப பெய்யற மழையில சுமார் 10 சதவீதம்தான் மேலோட்டமா ஓடும், மிச்சம் மண்ணுக்குள்ளயும் காத்துக்கும் போகும், முக்கால்வாசிக்கு மேல சிமென்ட்டும் தாருமா மாறிட்டா 55 சதவீதம் வரைக்கும் ஓடும்னு அதே அமெரிக்க முகமை சொல்லுது. அதுவும் மொத்தமா, அரை மணி நேரத்துல, ரோட்டு எண்ணெயையும் நாய் பீயையும் வாரிக்கிட்டு.

அதனால டிரைனேஜ் பிளான கேட்டு வாங்கி ஒரே ஒரு விஷயத்த முதல்ல பாருங்க: குழாய் எல்லாம் எங்க போய் முடியுது. ஏரி ஓரத்துல 30 மீட்டருக்கு மரமும் புதரும் விட்டிருக்கோம்னு பச்சை கலர் அடிச்ச படம் காட்டுவாங்க, அழகா இருக்கும், அந்த பச்சைக்கு அடியில ஒரு மெல்லிசு கோடு போகும், அதான் குழாய். பச்சைப் பட்டை வேலை செய்யணும்னா தண்ணி அதுக்கு மேல பரவலா தவழ்ந்து வரணும், அடியில குழாய்ல போனா அந்த 30 மீட்டர் வெறும் தோட்டம். குழாய் பட்டைக்கு முன்னாடியே முடிஞ்சு, தண்ணி ஒரு குட்டையில தங்கி, புல் வாய்க்கால் வழியா பரவி போகணும்னு கேளுங்க. கூரைத்தண்ணி ஓரளவு சுத்தம், அத அந்தந்த வீட்டு பள்ளத்தோட்டத்துலயே, அதாவது மழைத்தண்ணி தங்கி மண்ணுல இறங்கற மாதிரி பள்ளமா போட்ட தோட்டத்துலயே, இறக்கிடலாம். ரோட்டுத்தண்ணிதான் குட்டைக்கு கண்டிப்பா போகணும், முக்கியமா முதல் அரை மணி நேர மழையில வர்ற கறுப்புத்தண்ணி. ஓரத்து சதுப்ப "உபயோகமில்லாத இடம்"னு மூடி பார்க் போட விடாதீங்க, ஏரிக்கு வடிகட்டியே அதுதான்.

ஏன் பச்சையா மாறுது

கனடாவுல ஒன்டாரியோ பக்கம் ஆராய்ச்சிக்குன்னே ஒதுக்கி வெச்ச ஏரிங்க இருக்கு, அதுல 226ம் நம்பர் ஏரி நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கி இருக்கும். 1973ல டேவிட் ஷிண்ட்லரும் அவரோட டீமும் அந்த இடுப்புல ஒரு திரைய போட்டு ஏரிய ரெண்டாக்கினாங்க, ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க, ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையாச்சு, இன்னொரு பாதி அப்படியே இருந்துச்சு. மேலேர்ந்து எடுத்த அந்த போட்டோவ தேடி பிரின்ட் எடுத்துக்கங்க, ஒரு மணி நேரம் பேசறத அது ஒரு நொடியில சொல்லும். ஒரு கிலோ பாஸ்பரஸ் போனா பல நூறு கிலோ பாசி வளர முடியும்.

வீடுங்கள்லேர்ந்து பாஸ்பரஸ் வர்ற வழி மலம், மூத்திரம், சோப்புத்தூள், புல்தரை உரம். "எஸ்டிபி (கழிவுநீர சுத்திகரிக்கற பிளான்ட்) வைக்கறோம், சுத்திகரிச்ச தண்ணிய ஏரியில விட்டா ஏரியும் நிறையும்"னு சொல்றப்ப எல்லாரும் கை தட்டுவாங்க, நீங்க மட்டும் கை தட்டாம "பாஸ்பரஸ எடுக்கற ஸ்டேஜ் அதுல இருக்கா"ன்னு கேளுங்க. சாதாரண பிளான்ட் நாத்தத்தையும் அழுக்கையும் எடுக்கும், பாஸ்பரஸ்ல பெரும்பகுதிய அப்படியே விட்டுடும். அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் வாஷிங்டன் ஏரிக்கு நடந்தது இதான், சுத்திகரிச்ச கழிவுநீர்தான் போச்சு, ஆனாலும் 1955ல எட்மண்ட்சன்கற விஞ்ஞானியோட டீம் கெட்ட பாசி வந்துடுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. 1958ல ஜனங்க ஓட்டு போட்டு பணம் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க, 1963லேர்ந்து 1968க்குள்ள அந்த குழாய் எல்லாத்தையும் ஏரியிலேர்ந்து திருப்பிட்டாங்க, ஒரு மீட்டர் கூட தெரியாம இருந்த வட்டு சில வருஷத்துல மூணு மீட்டர் பக்கம் தெரிய ஆரம்பிச்சது. மூல காரணத்த நிறுத்தினா ஏரி திரும்பும், ஏரிக்குள்ள ஏதாவது கொட்டினா இல்ல.

செப்டிக் டேங்க்னா மூணுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ உள்ள இருக்கற கழிவ எடுக்கணும், நிலத்தடி தண்ணி ரொம்ப மேல இருக்கற ஏரி ஓரத்துல அது சரியா வேலையே செய்யாது. புல்தரைக்கு பாஸ்பரஸ் இல்லாத உரம் போடறது இன்னும் சுலபம், அமெரிக்காவுல மினசோட்டா மாநிலம் 2005லேர்ந்து மாநிலம் முழுக்க இத சட்டமாவே வெச்சிருக்கு, புல்லு ஒண்ணும் செத்துப்போகல.

தண்ணி மேல பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி படலம் கட்டினா குழந்தைங்களையும் நாயையும் கிட்ட விடாதீங்க. நீலப்பச்சைப் பாசியா இருந்தா விஷம் இருக்கலாம், அந்த விஷம் கொதிக்க வெச்சாலும் போகாது.

அழகுபடுத்தற ஆசை

இங்க எனக்கு கொஞ்சம் கோவம் வரும், பொறுத்துக்கங்க. ஏரிய சுத்தி கல்லு பதிச்சு, நடைபாதை போட்டு, லைட் மாட்டி, நடுவுல ஒரு ஃபவுன்டன் வெச்சா ஏரிய காப்பாத்திட்டதா ஒரு நெனப்பு இருக்கு. கல்லு பதிச்ச கரையில கோரை முளைக்காது, தவளை ஏறாது, மீன் குஞ்சு ஒளிய இடம் இல்ல. ஃபவுன்டன் காத்த கொஞ்சம் கலக்கும், உள்ள வர்ற பாஸ்பரஸ ஒரு கிராம் கூட குறைக்காது. மிதக்கற செடித்தீவு போட்டோவுக்கு நல்லா இருக்கும், சின்ன குளத்துக்கு ஓரளவு உதவும், பெரிய ஏரியில அஞ்சு தீவு விட்டுட்டு சாக்கடைய திறந்து விட்டா என்ன அர்த்தம்.

தூர் வாரறது சில சமயம் நிஜமாவே தேவைப்படும். ஸ்வீடன்ல ட்ரும்மன் ஏரிக்கு 1950கள் கடைசியில கழிவுநீர நிறுத்தியும் பத்து வருஷம் ஆகியும் தேறல, ஏன்னா அடி சேத்துலேர்ந்து பழைய பாஸ்பரஸ் வெளிய வந்துக்கிட்டே இருந்துச்சு, 1970-71ல அந்த மேல் சேற உறிஞ்சி எடுத்தப்புறம்தான் தேறிச்சு. ஆனா வரிசைய பாருங்க, முதல்ல வரத்த நிறுத்தினாங்க, அப்புறம்தான் தூர்.

எப்ப யார்கிட்ட பேசறது

அனுமதிக்கு விண்ணப்பம் போட்ட உடனே. பொதுமக்கள் கருத்து கேக்கற தேதி இருந்தா அதுக்கு முன்னாடியே, எழுத்துல. "ஏரிய அழிக்காதீங்க"ன்னு எழுதினா ஃபைல்ல தூங்கும், "மேற்கு வாய்க்கால் 2 மீட்டர் அகலம், பிளான்ல 60 சென்டிமீட்டர் குழாய், கணக்க காட்டுங்க"ன்னு எழுதினா யாராவது பதில் சொல்லியே ஆகணும். அனுமதியோட நிபந்தனைகள் என்னன்னு காப்பி வாங்கி வைங்க, மண் வேலை எத்தன கட்டம், குட்டைய யாரு பராமரிக்கறது, அளவு எடுத்து யாருக்கு கொடுக்கணும், மூணும் அதுல இருக்கணும். சைட்ல இருக்கறவங்கள பகைச்சுக்காதீங்க. ஜேசிபி ஓட்டற அண்ணன்கிட்ட மரியாதையா பேசினா எந்த பக்கம் மண்ண தள்ள சொல்லியிருக்காங்கன்னு ஆபீஸ்ல சொல்றதுக்கு முன்னாடி அவரே சொல்லிடுவாரு.

குடிவர்றவங்கள எதிரியா நெனைக்காதீங்க, ஏரி தெரியுதுன்னுதான் அந்த வீட்டயே வாங்கியிருப்பாங்க, உங்கள விட அவங்களுக்குத்தான் ஏரி நல்லா இருக்கணும். முதல் சங்கக் கூட்டத்துலயே போய் வட்டையும் நோட்டையும் காட்டி மாசம் ஒரு தடவ அளக்கற வேலைய அவங்க பசங்ககிட்ட ஒப்படைங்க. மழைநீர் குட்டைய சில வருஷத்துக்கு ஒரு தடவ வாரணும், அதுக்கு பணம் சங்க கணக்குல தனியா இருக்கணும், எந்த வருஷம் வாரணும், வாரின சேற எங்க கொட்டணும் எல்லாத்தையும் நோட்டோட முதல் பக்கத்துல எழுதிடுங்க. குட்டைக்கு போற கேட்டோட சாவி யாருகிட்ட இருக்குங்கறதையும் சேத்து எழுதுங்க, நான் சொன்ன அந்த ஏரியில அத கண்டுபிடிக்கவே எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு.